தகர டின்னும் செயின்ட் ஆங்கரும்

முதல்லயே சொல்லிடறேன். எனக்கு கிதார் வாசிக்கத் தெரியாது, சங்கீத ஞானமும் கிடையாது. ஹெட்போன் ஒண்ணு இருக்கு, நிறைய வாய் இருக்கு. அடிக்க வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு வாங்க :-)

த்ரில்லர் (1982): மைக்கேல் ஜாக்சன். மொத்தம் 9 பாட்டு, அதுல 7 சிங்கிளா வெளிவந்து ஏழுமே அமெரிக்காவுல முதல் பத்துக்குள்ள வந்துச்சு. ஆனா முதல் சிங்கிளா விட்டது எது தெரியுமா? பால் மெக்கார்ட்னியோட சேர்ந்து பாடின 'தி கேர்ள் இஸ் மைன்'. ரெண்டு ஜாம்பவான்கள் ஒரு பொண்ணுக்காக கொஞ்சிக் கொஞ்சி சண்டை போடுற சவசவ பாட்டு. 'பில்லி ஜீன்' கையில இருக்கும்போது எதுக்குய்யா இது?

டார்க் சைட் ஆஃப் த மூன் (1973): ஆல்பம் அருமை. அதுல எனக்கு உசுரு 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. வார்த்தையே இல்லாம ஒரு பொண்ணு குரலாலயே கதறும். அது பிங்க் ஃப்ளாய்ட் ஆள் இல்ல, கிளேர் டோரின்னு ஒரு பாடகி. அன்னிக்குக் கூலி 30 பவுண்டு. பிறகு வழக்குப் போட்டு, 2005ல சமரசமாகித்தான் பாட்டை உருவாக்கினவங்க பட்டியல்ல அவங்க பேர் சேர்ந்துச்சு. பணத்தைத் திட்டி 'மணி'ன்னு ஒரு பாட்டு இதே ஆல்பத்துல இருக்குங்கறதை நினைச்சா சிரிப்பு வருது.

அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் (1988): மெட்டாலிகா. 1986ல ஸ்வீடன்ல பஸ் கவிழ்ந்து பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் செத்துப் போனார். அந்த இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். இந்த ஆல்பத்துல அவர் வாசிச்சது காதுல விழவே விழாது. பூதக்கண்ணாடி மாதிரி காதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க. பாட்டெல்லாம் பிரமாதம். ஆனா புதுசா வந்தவனை இப்படியா நடத்துவாங்க?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். செயின்ட் ஆங்கர் (2003).

இந்தப் பாட்டெல்லாம் எனக்குப் பழக்கினது பெரியப்பா பையன். என்னைவிட இருபது வயசு பெரியவர். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு ஆல்பம் அனுப்புவார், ஞாயித்துக்கிழமை போன்ல விவாதம். அப்படி ஒரு வாரம் வந்ததுதான் செயின்ட் ஆங்கர். 11 பாட்டு, 75 நிமிஷம். ஒரு கிதார் சோலோ கிடையாது. ஸ்னேர் டிரம்முக்கு அடியில இருக்கிற கம்பிகளைத் தளர்த்தி விட்டதால, அடிக்கிற ஒவ்வொரு அடியும் 'டொங்கு டொங்கு'ன்னு கேட்கும்.

நான் போன்ல சொன்னேன்: "அண்ணா, மாடியில காலி தகர டின்னை யாரோ ராத்திரி பூரா தட்டுற மாதிரி இருக்கு. இதையெல்லாம் மனுஷன் கேட்பானா?"

அவர் சிரிச்சுட்டு வெச்சுட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை எதுவும் வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. மூணாவது வாரம் நானே கூப்பிட்டேன்.

"கோவமெல்லாம் இல்லடா"ன்னார். அப்புறம் மெதுவா சொன்னார். பெரியப்பா இறந்தது 2003ல. நான் அவரை போட்டோவுலதான் பாத்திருக்கேன். அண்ணன் மேல படிக்கற ஆசையை விட்டுட்டு ராத்திரி ஷிஃப்ட் வேலைக்குப் போனார். வீட்டுல பெரியம்மா, ரெண்டு தங்கச்சி. அவங்க முன்னாடி அழ முடியாது. காலையில வந்து மாடி ரூம் கதவைச் சாத்திட்டு இந்த ஆல்பத்தைப் போட்டுக்குவாராம்.

"பாட்டா கேட்கலடா. எனக்குப் பதிலா கத்தறதுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. "சாரிண்ணா"ன்னு மட்டும் சொன்னேன்.

அன்னிக்கு ராத்திரி மறுபடி கேட்டேன். மெட்டாலிகாவுக்கும் அது மோசமான காலம்தான். 2001ல நியூஸ்டெட் விலகிட்டார். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடியை விட மறுவாழ்வு மையத்துக்குப் போனார். ஆல்பத்துல பேஸ் வாசிச்சதே தயாரிப்பாளர் பாப் ராக்தான். உடைஞ்சுபோன ஆளுங்க உடைஞ்ச சத்தத்தையே பதிவு பண்ணிட்டாங்க.

அதுக்காக நல்ல ஆல்பம்னு சொல்லிடுவேன்னு நினைக்காதீங்க. இப்பவும் அது தகர டின்தான். பாட்டெல்லாம் பாதி நீளம் இருந்தாலே போதும். கருத்துல மாற்றம் இல்ல. ஆனா "மனுஷன் கேட்பானா?"ன்னு கேட்டேனே, அதுக்குப் பதில் கிடைச்சுடுச்சு. அந்தக் கேள்வியை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன்கிட்ட இருந்து மறுபடி ஒரு ஆல்பம் வந்திருக்கு. லூ ரீடும் மெட்டாலிகாவும் சேர்ந்து 2011ல போட்ட 'லுலு'. ரெண்டு டிஸ்க். ஊரே காறித் துப்பின ஆல்பம். வேணும்னே பண்றார் மனுஷன்.

முழுசா கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்கறதா இல்ல :-)