முகவரி தேடிய பெண்கள்

முப்பது ஆண்டுகளாக எழுத்தையே தொழிலாகக் கொண்டவன் நான். எழுதுபவரைப் போற்றும் உலகம், எழுத்தைக் கொண்டு சேர்ப்பவரை மறந்துவிடுகிறது.

1945 பெப்ரவரியில், ஐரோப்பாவில் போரிட்ட அமெரிக்கப் படையினருக்கு உற்றார் அனுப்பிய சுமார் 1 கோடியே 70 இலட்சம் கடிதங்களும் பொதிகளும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் தேங்கிக் கிடந்தன. அவற்றைச் சேர்ப்பிக்கச் சென்றது மேஜர் சரிட்டி அடம்ஸ் தலைமையிலான 6888ஆவது தபால் படையணி. பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். ரொபேர்ட் ஸ்மித் என்ற பெயரில் மாத்திரம் 7,500 பேர் இருந்தனராம்! படை இலக்கத்தைக் கொண்டு ஆளைக் கண்டறிந்தனர். ஆறு மாதப் பணியை மூன்றே மாதங்களில் முடித்தனர்.

மாண்டவர்களுக்கு வந்த கடிதங்களை அனுப்பியவருக்கே திருப்பியதும் அவர்கள்தான். மகனுக்கு எழுதியது பிரிக்கப்படாமலே திரும்பி வந்தபோது ஒரு தாய் என்ன செய்திருப்பாள்?

இப்பெண்களுக்குத் தங்கப் பதக்கம் வழங்க அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானித்தது 2022இல். அதற்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.