பள்ளி என்றால் எது?

எமது கல்லூரித் தமிழ் மன்றம் பழைய புகைப்படங்களைச் சேகரிக்கத் தொடங்கியபோது, அவற்றைக் கணினியில் ஏற்றிக் குறிச்சொல் இடும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. குறிச்சொல் என்பது வேறொன்றுமில்லை. ஒரு படத்தைப் பிறகு தேடி எடுப்பதற்காக அதனுடன் சேர்த்து வைக்கும் பெயர். மிகவும் சுலபமான வேலை என்றே நினைத்தேன்.

முதல் நாளே ‘பள்ளி’ என்ற சொல் எங்களைத் தடுமாற வைத்தது. அதைத் தட்டித் தேடியபோது ஜும்ஆப் பள்ளியின் படமும் வந்தது, தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படமும் வந்தது. என் வாப்பா “பள்ளிக்குப் போயிட்டு வாறன்” என்றால் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை அதையே சொன்னால், புத்தகப் பையோடு புறப்படுகிறாள் என்று பொருள். சமண முனிவர்கள் தங்கிய இடமும் பழந்தமிழில் பள்ளிதான் என்று ஆசிரியை சொன்னார்.

“சொல்லில் பிழை இல்லை. சொல்பவரும் கேட்பவரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள்” என்றார் அவர். தெளிவான வேறு சொல் இருந்தால் அதையே இடலாம்: பள்ளிவாசல், பாடசாலை. இல்லாவிட்டால் அடைப்புக்குறிக்குள் விளக்கம் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் கொக்கு வகைப் பறவைக்கும் பாரந்தூக்கிக்கும் ‘கிரேன்’ என்ற ஒரே பெயர் இருப்பதால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தனது பொருள் தலைப்பில் ‘பறவைகள்’ என்று அடைப்புக்குறியில் சேர்த்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கெனத் தனிப் பக்கங்களே உண்டு. ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்று அவற்றை அழைக்கிறார்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் பெயரைக்கூட, விளக்கம் இல்லாமல் சொன்னால் ஏதோ ஒரு வாசிகசாலை என்றுதான் நினைப்பார்கள்!

எனது ஊர் கேகாலை மாவட்டத்துத் தெரணியகலை. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும், நடுவே சீத்தாவாக்கை கங்கை. அங்கிருந்து நான் கொண்டுவந்த படங்கள் மேலும் சிக்கலைத் தந்தன. ‘நூரி’ என்று எழுதியிருந்த படத்தை, கொழும்பிலிருந்து வரும் தோழி ‘பெண்கள்’ என்ற பிரிவில் போட்டுவிட்டாள். நூரி எங்கள் ஊர்த் தோட்டத்தின் பெயர். ‘பால்’ என்று இருந்தது இறப்பர்ப் பால். ‘லயம்’ என்பது சங்கீதம் அல்ல, வரிசை வீடுகள். ‘மலைக்குப் போகும்போது’ என்ற படத்துக்கு ‘மலையேற்றம்’ என்று குறியிட்டவள் நானேதான். தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

இவற்றுக்கெல்லாம் சிரித்தோம். சிரிக்க முடியாத படம் ஒன்றும் இருந்தது.

வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்துப் பாட்டி ஒருவர், பழைய குடும்பப் படம் ஒன்றைக் கடதாசியில் சுற்றித் தந்திருந்தார். முன்னைய குடிசன மதிப்பீடுகளில் இருந்தபடி ‘இந்தியத் தமிழர்’ என்று அதற்குக் குறியிட்டேன். விடுமுறையில் அச்சிட்ட பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “என்னா புள்ள எழுதியிருக்க? வாசி” என்றார். வாசித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“நான் இங்கதான் பொறந்தேன். என் அம்மாவும் இங்கதான். ஒப்பந்தத்துல தம்பி கப்பலேறிப் போனான். அவனை அங்க சிலோன்காரன்னு சொல்றாங்களாம். நான் இங்க இந்தியாக்காரியா?”

எனக்குப் பதில் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியதையும், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்ததையும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு எழுதிய அந்த எண்களுக்குள் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அன்றிரவு எனது பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ‘இலங்கைச் சோனகர்’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் எம்மைக் குறிக்கும் ‘மூர்’ என்ற பெயர் போர்த்துக்கேயர் இட்டது. வடஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயரையே இங்கு கண்ட முஸ்லிம்களுக்கும் அவர்கள் வைத்தார்கள். எங்கோ இருந்து வந்த ஒருவர் இட்ட குறிச்சொல்லை நாமும் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். அப்படியிருக்க, இன்னொருவருக்குக் கேளாமலே பெயர் இட்டது எவ்வளவு பெரிய பிழை!

மறுநாள் கொப்பியும் பேனையுமாகப் பாட்டியிடம் போனேன். “எப்படி எழுதட்டும் பாட்டி?” என்று கேட்டேன். “மலையகத் தமிழர்னு பேரன் சொல்லுவான். அப்படியே போடு. ஆனா மொதல்ல எங்க பேரை எழுது” என்றார். படத்திலிருந்த ஏழு பேரின் பெயர்களையும் ஒவ்வொருவராகத் தொட்டுச் சொன்னார். தம்பியின் முகத்தில் மட்டும் விரல் சற்று நேரம் நின்றது.

இப்போது அந்தப் படத்துக்கு முதலில் ஏழு பெயர்கள். அடுத்து தோட்டமும் ஊரும். பிறகு ‘மலையகத் தமிழர் (சமூகம்)’, ‘சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் (1964)’. மலையகம் என்றால் நுவரெலியாப் பக்கம் மட்டும்தான் என்று எண்ணுவோருக்காகவே அந்த அடைப்புக்குறி. ‘இந்தியத் தமிழர்’ என்று தேடினாலும் படம் கிடைக்கும். பழைய ஆவணங்களில் அந்தச் சொல்லை மட்டுமே கண்டவர் தேடி வரும்போது வழி அடைபட்டுவிடக் கூடாது. ஆனால் படத்தின் கீழே அது தெரியாது.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் பெயரில்லாத படங்கள் இருக்கும. உம்மும்மாவோ மூத்தாப்பாவோ உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து, யார் யார் என்று கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவர் தம்மை எப்படிச் சொல்கிறாரோ, அதை முதலில் எழுதுங்கள். தேடுபவருக்கான விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் பிறகு சேர்க்கலாம்.