விட்டதும் விடாததும்

மகனுக்கு இருபத்தாறு வயசு. சென்னையில வேல தேடுறான். ராத்திரி போன் வரலன்னா எனக்குத் தூக்கம் வராது. தின்னானோ, சாதி கேட்டு வாடகைக்கு வீடு இல்லன்னுட்டாங்களோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும்.

அதுக்கும் மேல ஒண்ணு என்னை அரிச்சுது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. சீக்கியரை 1956லும் பௌத்தரை 1990லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்துகளை இன்னும் சேர்க்கவில்லை. ஊர்க்காரனுக்கு நாங்க சேரிக்காரங்க, சர்டிபிகேட்டுல பிற்படுத்தப்பட்டவங்க. நான் குடுத்த ஞானஸ்நானந்தான் புள்ள உரிமையக் கெடுத்துச்சோ?

ஒருநா பூச முடிஞ்சு எல்லாரும் போனப்பெறவு, கோயில்ல முட்டி போட்டு அழுதேன். "ஆண்டவரே, நானா கெடுத்தேன்?" நிமிந்து சிலுவையப் பாத்தேன். அங்க தொங்குறதும் ஒருத்தி பெத்த புள்ளதான். அவளால எறக்க முடியல. ஆனா விட்டுட்டு ஓடாம கீழயே நின்னா. குத்தம் எம்மேல இல்ல, ஆண்டவர் மேலயும் இல்ல, சட்டத்து மேலதான்னு அப்பத்தான் வெளங்குச்சு.

புள்ளைய அவருகிட்ட விட்டுட்டேன். இப்ப போன் வரலன்னாலும் தூங்குறேன். சட்டத்த மட்டும் விடல. ஆகஸ்டு 10 வந்தா கறுப்புக்கொடி புடிக்கப் போயிருவேன்.