இருபது மில்லிகிராம்

சென்னை உயர் நீதிமன்றத்தில் நான் ஜூனியராக இருந்தபோது கொடைக்கானல் பாதரச வழக்கின் கட்டுகளைப் படித்து, தேதிவாரியாகக் குறிப்பெடுத்துத் தரும் வேலை வந்தது. வாதிட்டவர்கள் வேறு, பெரியவர்கள். பிறகு சேலத்துக்கு வந்து தொழில் நடத்தி, ஏற்காட்டில் வீடு போட்டுக்கொண்டேன். நானே நின்று வாதாடிய வழக்குகள் பல மறந்துவிட்டன. வாதாடாத அந்த வழக்கு மறக்கவில்லை.

அமெரிக்காவில் வாட்டர்டவுனில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ், 1987-க்குப் பிறகு இந்துஸ்தான் லீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போகும், உடைந்ததெல்லாம் மலையிலேயே தங்கும். 2001 மார்ச் 7 அன்று ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடை முன் திரண்டார்கள். பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் அங்கே சாக்குகளில் திறந்தபடி கிடந்தன. 7.4 டன் என்றார்கள் போராடியவர்கள். நிறுவனம் அதைவிடக் குறைவாகச் சொன்னது. தன் நடைமுறையை மீறிப் பழைய சாமானாக விற்கப்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டது. அந்த மாதமே ஆலை நின்றது.

2006-இல் முன்னாள் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். மருத்துவச் சிகிச்சையும் இழப்பீடும் கேட்டார்கள். கீழே சிந்திய பாதரசத்தைத் துடைப்பத்தால் கூட்டியது, வேலை முடிந்து அதே துணியோடு வீட்டுக்குப் போனது என்று அவர்கள் சொன்னவற்றைப் படித்த இரவுகளில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவிக்கு நிறமில்லை, வாடையில்லை. மூச்சில் ஏறி மூளை நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது? நிறுவனமோ, தன் ஆய்வுகளில் தொழிலாளர் யாருக்கும் பாதரசத்தால் கேடு வந்ததாகத் தெரியவில்லை என்று கடைசிவரை நின்றது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோயையும் வேலையையும் இணைக்கப் போதிய ஆதாரமில்லை என்றது. 2011-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சார்பில் வந்த அறிக்கை தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. 2016 மார்ச்சில் சமரசம். 591 பேருக்குக் கருணைத் தொகை. தவறு என்று ஒப்புக்கொள்ளாமலேயே கோப்பு மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாட்டு உலகெங்கும் ஓடியிராவிட்டால் அந்தச் சமரசமும் இன்னும் தள்ளிப்போயிருக்கும் என்பது என் எண்ணம்.

மனிதர்களின் வழக்கு அப்படி முடிந்தது. மண்ணின் வழக்கு வேறு.

1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு மட்டுமல்ல, கெட்டுப்போன சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடக்கம். பழைய நிலை என்றால் எது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கொடைக்கானல் சண்டை முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி, பென்சில்வேனியாவில் ஹெலர்டவுனில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போனது. ஏழை நாட்டுக்கு வந்த நச்சு வந்த வழியே திரும்பியது அபூர்வம். அதைச் சாதித்தது அந்த ஊரின் விடாப்பிடி. ஆனால் ஆலை வளாகத்து மண் அங்கேயே கிடந்தது. அந்த இடம் சமவெளி அல்ல, பாம்பார் சோலையின் தலைமாட்டில் உள்ள சரிவு. அங்கே விழும் மழை பாம்பாறாக இறங்கி, கும்பக்கரை அருவியைத் தாண்டிப் பெரியகுளம் பக்கம் போகும்.

எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம்வரை இருக்கலாம் என்ற அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. பிரிட்டனில் குடியிருப்பு மண்ணில் தனிமப் பாதரசத்துக்கு வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம்தான் என்று ஊர்க்காரர்கள் எடுத்துக்காட்டினார்கள். லண்டன் குழந்தைக்கு ஒன்று, கொடைக்கானல் குழந்தைக்கு இருபதா என்பது அவர்கள் கேள்வி. அளவை இன்னும் இறக்கினால் மரங்களை வெட்டி மேல்மண்ணைச் சுரண்ட வேண்டியிருக்கும், சரிவில் மண் அரித்துப் பாதரசம் கீழே போகும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். மலையில் வாழ்பவனுக்கு மண்சரிவு தெரியும். ஆனால் மரமா, பாதரசமா என்பதை முடிவு செய்யும்போது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அறைக்குள் இருந்தாக வேண்டும்.

அதற்கு வழியும் இருந்தது. அபாயகரக் கழிவுகள் பற்றிய வழக்கில் 2003 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவையொட்டி வந்த கண்காணிப்புக் குழு 2004-இல் கொடைக்கானலுக்கு வந்தது. உள்ளூர்க் குழு ஒன்றும் அமைந்தது. ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, எங்கே தோண்டினீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடிய இடம் அது. என் பார்வையில் கொடைக்கானல் போராட்டத்தின் மிகப் பெரிய லாபம் அதுதான், இழப்பீடு அல்ல. அத்தகைய குழுவின் ஆயுள் உத்தரவின் ஆயுளோடு முடிந்துவிடுகிறது. மண்ணைக் கழுவும் வேலையோ பத்து, பதினைந்து ஆண்டு இழுக்கிறது. இடையில் பள்ளிப் பிள்ளைகள் பெற்றோராகிவிடுகிறார்கள், தகவல் பலகை மட்டும் வெறுமையாக நிற்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் இதே அமைப்புத்தான். இங்கிருந்து வாணியாறு தர்மபுரிப் பக்கம் இறங்குகிறது, திருமணிமுத்தாறு சேலத்துக்குள் ஓடுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மலைக்கிராமத்துப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒரு எஸ்டேட்டில் பூச்சிமருந்து டிரம்கள் ஓடைக்கரையில் சாய்ந்து கொட்டிவிட்டன.

"சுத்தம் பண்ணிட்டோம்னு சொல்றாங்க சார். தண்ணியைக் குடிக்கலாமா, வேண்டாமா? அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

மனுவில் இழப்பீட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினேன். கொட்டிய மருந்தின் பெயர், அளவு, அள்ளிய மண் போன இடம், எந்தெந்த இடத்தில் எந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள், சுத்தம் என்று சொல்ல வைத்துக்கொண்ட எண், அந்த எண்ணை முடிவு செய்தவர் யார், இத்தனையும் தமிழில், மாதாமாதம், ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும் என்று முதல் கோரிக்கையாகக் கேட்டேன். ஓடையின் கீழ்க்கரையில் உள்ள ஊர்களிலும் ஒட்டவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். வழக்கு முழு விசாரணைக்குப் போகாமலே பேச்சில் தீர்ந்தது. மூன்றாவது மாதத்துத் தாளில் ஓடைத் தண்ணீரில் இருந்த மருந்தின் அளவும் சட்டம் அனுமதிக்கும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்கள் ஓடையில் குடம் வைத்தார்கள்.