புகை உள்ளே சாய வேண்டும்

கடலோரக் கூனிமேட்டில் வீடு கட்டியவர்களுக்குச் சுவரில் உப்புப் பூப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை ஈரம் காய்ந்ததும் அடிச்சுவர் வெள்ளை பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். வீடென்றால் கொத்திவிட்டுப் பூசிவிடலாம். ஆஸ்பத்திரியில் அப்படி உளியை எடுக்க முடியாது. ஊறிக் கிடந்த பழம்பூச்சுக்குள் பூஞ்சை வித்து இருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் வித்து 2, 3 மைக்ரான்தான். லேசில் தரையிறங்காது, மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். கொத்துகிற நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

தொடக்கத்தில் நானும் நீலத் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி வேலை பார்த்தவன்தான். கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் காலையில் கொத்தத் தொடங்கினோம். மதியத்துக்குள் டேப் கழன்று, பாய் வார்டுப் பக்கம் பாய்மரம் மாதிரிப் புடைத்து நின்றது. "மேஸ்திரி, பேஷன்ட் தலகாணியெல்லாம் வெள்ளையா படிஞ்சிருக்கு" என்று சிஸ்டர் ஓடிவந்தார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்று இரண்டு தப்பு செய்திருந்தேன். உப்புச் சுவர் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதில் எந்த டேப்பும் பிடிக்காது. இப்போது தரைக்கும் கூரைக்கும் நடுவே ஸ்பிரிங்கால் இறுக்கி நிற்கும் கம்பங்களில் பிளாஸ்டிக் தாளை மாட்டி, ஜிப் கதவு வைக்கிறேன். டேப் ஒட்டியே தீர வேண்டிய இடத்தை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்டுவேன்.

இரண்டாவது தப்பு, காற்றை எண்ணாதது. தூசியை மறைத்தால் போதாது, பில்டர் வைத்த மிஷினால் உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். வேலை நடக்கும் அறையின் காற்றழுத்தம் வார்டைவிட 2.5 பாஸ்கலாவது குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர்க் கணக்கில் கால் மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் கடற்காற்று ஜன்னலில் மோதினால் 15 பாஸ்கல் தரும். காலையில் சரியாக இருந்த அழுத்த மீட்டர் கடற்காற்று எழுந்ததும் கவிழ்ந்துவிடுவது இதனால்தான். அதனால் கடல் பக்கமுள்ள கிழக்கு ஜன்னலை முழுக்க அடைத்துவிட்டு, மிஷினின் குழாயை மேற்கே விடுகிறேன். அறையின் ஏசி கிரில்லையும் மூடிவிட வேண்டும். மறந்தால் அதுவே தூசியை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும்.

மிஷின் வாங்கும்போது கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். 10 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1,000 கன அடி. மணிக்கு 12 முறை காற்று மாற, நிமிடத்துக்கு 200 கன அடி இழுக்க வேண்டும். அதே அளவில் வாங்கிவிடாதீர்கள். சுண்ணாம்புத் தூசி பில்டரை அடைக்க அடைக்க இழுவை குறையும். நான் 400 இழுக்கும் மிஷினைத்தான் எடுப்பேன். ஹெப்பா பில்டர் 0.3 மைக்ரான் துகளையும் நூற்றுக்கு 99.97 பிடிக்கும். அதற்கு முன்னால் மலிவான முன்பில்டரைப் போட்டு அடிக்கடி மாற்றினால் விலையுயர்ந்த ஹெப்பா நீடிக்கும். நம் கரையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பில்டர் உட்காரும் சட்டம் இரும்பாக இருக்கக் கூடாது. அது துருவேறினால் ரப்பருக்கு அடியில் இடுக்கு விழும். தூசி அவ்வழியே போய்விடும், மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் உடலோ துருப்பிடிக்காத எஃகோ கேளுங்கள். பெருக்க விளக்குமாறு வேண்டாம், ஹெப்பா வைத்த வேக்குவம்தான்.

மீட்டர் சொன்னாலும் ஊதுபத்தி ஏற்றாமல் உளியைத் தொடமாட்டேன். ஜிப்பை விரல் அகலம் திறந்து வார்டுப் பக்கம் பத்தியைப் பிடித்தால் புகை உள்ளே சாய வேண்டும். மதியம் காற்று திரும்பியதும் இன்னொரு பத்தி.