பெயரறியா மருந்து: புத்தூர் நாட்குறிப்பு

வைகாசி 3

தோட்டாவுக்குள் எரிந்து சன்னத்தை வெளியே தள்ளும் பொருளை மருந்து என்பது யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கு; சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து கிணறு வெட்டுவோர் துளைக்குள் இடுவதற்கும் அதுவே பெயர் என்பதால், இரண்டும் ஒரே பொருள் எனக் கேட்போர் எண்ணிவிடுகின்றனர். மருந்தின் குணத்தைச் சேர்மானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மணியின் பருமன், வடிவு, மேற்பூச்சு ஆகியவையும் சேர்ந்தே எரியும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. காய்ந்த பனையோலை குப்பென்று எரிந்தடங்குவதையும், அதே மரத்தின் மட்டை நின்று எரிவதையும் புத்தூரில் அடுப்பு மூட்டிய எவரும் கண்டிருப்பர். நெருப்புப் பற்றும் பரப்பு மிகுந்தால் எரிதலும் விரைவாகிறது.

சுட்டு முடிந்த பித்தளைக் கோதில் எரியூட்டி, மருந்து, சன்னம் ஆகியவற்றை மீண்டும் இட்டுத் தோட்டா ஆக்குவது கைநிரப்பு எனப்படும். அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்காக உள்ள இத்தொழில், இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்துக்கும் உட்பட்டது.

வைகாசி 4

ஒரு சுண்டு அரிசியும் ஒரு சுண்டு அவலும் இன்று தராசில் ஏற்றப்பட்டன. இரண்டும் தலைதட்டி நிரப்பப்பட்டிருந்தும், அவல் இருந்த தட்டு உடனே மேலெழுந்தது. ஒரு மருந்துக்குச் சரியான அளவுக் கரண்டி மற்றொன்றுக்குப் பிழையாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வைகாசி 7

ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியில் இப்பிழை பெரிதாகிறது. அதன் உருளையிலுள்ள அறைகளின் சுவர்கள் மெல்லியவை. கணக்கு மீறிய அழுத்தத்தில் முதலில் பிளப்பது அவையே. பழைய கரிமருந்துக் காலத்துக் கோது ஏறத்தாழ முழுதும் நிரம்பியிருந்ததால், தவறுதலாக இரு மடங்கு இடுவது இயலாத காரியமாக இருந்தது. பின்னர் வந்த புகையிலா மருந்தோ கோதின் அடியில் சிறிதளவே கிடந்து வேலையை முடித்துவிடுவதால், இரண்டாம் முறை இட்டதும் கண்ணுக்குத் தப்பிவிடலாம். அளவு மிகக் குறைந்தாலும் ஆபத்து உண்டு. சன்னம் குழலுக்குள் சிக்கி நின்றுவிட, அடுத்த சூடு குழலையே வெடிக்கச் செய்யும்.

பிரித்தானியப் படையின் .455 வெப்லி ரிவால்வரில் கரிமருந்திலிருந்து புகையிலா மருந்துக்கான இந்த மாற்றத்தைக் காணலாம். வேதியியலாளர்களான ஏபலும் டியூவரும் 1889இல் உருவாக்கிய கார்டைட் என்னும் இழை வடிவப் புகையிலா மருந்து, 1894இல் அதன் தோட்டாவுக்குள் புகுந்தது. கரிமருந்துக்கென வடிவமைத்த நீண்ட கோதில் புதிய மருந்து சீராக எரியாததால், 1897இல் கோதே குட்டையாக்கப்பட்டது. மருந்து கோதுக்கு இணங்காமல் கோது மருந்துக்கு இணங்க வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை இன்றும் கார்டைட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

வைகாசி 11

மருந்தின் வலிமை பற்றிய ஊகத்தை அளவையாக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ். சன்னம் பாய்ந்ததும் ஊசலாடும் கனத்த மரக்கட்டையைத் தொங்கவிட்டு, ஆட்டத்தின் வீச்சை ஒரு நாடாவால் அளந்து, வேகத்தைக் கணக்கிடும் முறையை அவர் 1742இல் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியல் தலைவராக வந்த அவர், 1751இல் கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டையில் உயிர்நீத்தார். வெடிமருந்தின் கணிதத்தைத் தொடங்கிவைத்தவர் தமிழ் மண்ணில் அடங்கியிருப்பது நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

வேகம் மட்டும் தெரிந்தால் போதாது, ஏனெனில் ஒரே வேகத்தை ஒரு மருந்து மென்மையாகவும் மற்றொன்று அறையைப் பிளக்கும் அழுத்தத்தோடும் தரக்கூடும். அதனால் 1860களில் ஆண்ட்ரூ நோபிள் செம்புருளை அளவியைக் கொண்டுவந்தார். அறைச் சுவரில் துளையிட்டு அமைத்த உந்துதண்டு சிறு செம்புருளை ஒன்றை நசுக்கும். சூட்டுக்கு முன்னும் பின்னும் அதன் நீளத்தை ஒப்பிட்டால் அழுத்தத்தின் அளவு கிடைக்கும். நசுங்கிய அந்தச் செம்பைப் பார்த்துத்தான் துப்பாக்கிப் பட்டறையினர் அழுத்தத்தைப் பற்றிப் பேசினர், கை உணர்ந்த உதைப்பைக் கொண்டு அல்ல.

வைகாசி 12

மருந்து கெட்டுவிட்டதா என அறியும் ஏபலின் வெப்பச் சோதனையில், பொட்டாசியம் அயோடைடும் மாவுப்பசையும் தோய்த்த தாள், சிதையும் மருந்தின் ஆவி பட்டு நிறம் மாறும். புளித்த நெடியோ செந்நிறப் புகையோ எழுந்தால், அது கெட்டுப்போனதென அறியத் தாள்கூட வேண்டியதில்லை. இச்சோதனைகள் யாவும் இன்னது எனப் பெயரும் ஆலையும் தெரிந்த மருந்துக்கே உரியவை. தயாரிப்பாளர் அளவைப் பட்டியலோடு வரும் மருந்திலும், அப்பட்டியலின் தொடக்க அளவுக்கு மேல் எடுத்த எடுப்பில் போவதில்லை. சிட்டை கிழிந்த டப்பாவில் கிடக்கும் சாம்பல்நிற மணிகளோ, எத்தனை கூர்ந்து நோக்கினாலும் தாம் எவ்வளவு வேகமாக எரியும் என்று சொல்லமாட்டா. தெரிந்த வேறொன்றை ஒத்திருப்பதும் சான்றாகாது. தோட்டத்தைக் கொத்தும்போது மண்வெட்டியில் தட்டுப்படும் பழைய தோட்டாவும் இந்த வகையே. புத்தூரில் அப்படி ஒன்று அகப்பட்டால், அதைத் தொடாமல் விட்டுப் பொலிசாருக்கு அறிவிப்பதோடு அதன் சோதனை முடிந்துவிடுகிறது.