பருப்பு மாத்தயாவுக்கு ஒரு மடல்

என்.எம். ஐயா,

நாடறிந்த உங்கள் பெயர் டொக்டர் என்.எம். பெரேரா. எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் உங்களுக்கு விழுந்த பெயர் ‘பருப்பு மாத்தயா’. லண்டனில் ஹெரல்ட் லாஸ்கியிடம் படித்து வாங்கிய பட்டங்களைவிட எனக்கு இந்தப் பெயர்தான் ஒரு படி மேல். 1934 கடைசியில் மலேரியா கேகாலை மாவட்டத்தைப் பிடித்தது. தோட்டங்களைச் சுற்றியிருந்த சிங்களக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகக் குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தார்கள். உலை வைக்கக்கூட ஆள் எழும்பவில்லை. சூரியமல் இயக்கத்தாரோடு நீங்கள் வந்தீர்கள். வெறும் வயிற்றில் கொயினா விழுந்து என்ன பயன்? அதனால் மருந்தோடு பருப்பையும் சுமந்து வந்தீர்கள். அடுத்த வருஷம் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி உங்களை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பருப்பு வாங்கிய கை போட்ட ஓட்டு அது.

ஐயா, தோட்டத்துக்குள் சங்கம் என்ற பேச்சை எடுக்கவே முடியாத காலம் ஒன்று இருந்தது. தொரையை எதிர்த்து வாய் திறந்தவன் கையில் பத்துச்சீட்டு வரும். சட்டிபானையோடு லயத்துக் காம்பராவை விட்டு இறங்க வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்தத் தொழிலாளர் பக்கம் நின்றது உங்கள் கட்சி. அதே வருஷம் ஜூனில் உங்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து காவலரின் துணையோடு தப்பி, கடல் கடந்து பம்பாய் வரை போனீர்கள். எங்கள் பாட்டன்மார் பிழைக்க வந்த கடலை நீங்கள் எதிர்ப்பக்கமாகத் தாண்டியிருக்கிறீர்கள்!

ஐயா, 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராகக் கைதூக்கியவர்களில் நீங்களும் ஒருவர். பால் வெட்டிய கையும் கொழுந்து கிள்ளிய கையும் ஓட்டில்லாத கைகளாயின. எங்களால் உங்களுக்கு இனி ஒரு வாக்கும் வராது என்று தெரிந்த பிறகும் பேசினீர்களே, அந்தக் கடனை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஐயா, தொட்டலங்கயில் பிறந்த நீங்கள் 1954இல் கொழும்பு மாநகர மேயரானீர்கள். அந்த நாற்காலியில் இருந்தபோதே, 1955இல், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து கேட்டு நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தீர்கள். வாக்கு முழுவதும் ‘சிங்களம் மட்டும்’ என்ற பக்கம் ஓடிய நேரம். உங்கள் கூட்டங்களில் கல் விழுந்தது. எந்த ஆலோசகரும் சொல்லிக்கொடுக்காத அரசியல்!

ஐயா, நன்றி சொல்ல வந்த இடத்தில் மனத்தாங்கலை மறைத்தால் அது முகஸ்துதி. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்று எண்ணி ஒதுக்கியபோது, அந்த அரசில் நிதியமைச்சர் நீங்கள். 1966 ஜனவரியில் தமிழ் மொழி விதிகளுக்கு எதிராக உங்கள் கட்சியும் தெருவில் இறங்கியது. வேறொருவர் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கல்லடி பட்டு எங்களுக்காகப் பேசியவர் என்பதால்தான் இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

ஐயா, 1977இல் எட்டியாந்தோட்டை உங்களைத் தோற்கடித்தது. 1979 ஆகஸ்ட் 14இல் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று வந்தது. சபையின் பணத்தில் தோட்டத்துக்குள் பாதை போடவோ தண்ணீர் கொண்டுவரவோ அது தடையாக நின்றது. தோட்டத்தார் ஓட்டுப்போட்டு அனுப்பிய உறுப்பினர்கூடத் தன் லயத்து வாசலுக்குக் கொங்கிரீட் போட முடியாத விசித்திரம்! முப்பத்தொரு வருஷம் கழித்து, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

இந்த மடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் சபரகமுவையின் பிரதேச சபை உறுப்பினர்களே, தடை இப்போது இல்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத்துப் பாதைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஒரு தொகையை எழுதுங்கள்.